சாலைக்கு முன்னால் வரும் கணக்கு



இங்கிலாந்தில் ஒரு பெரிய சாலை போடுவதென்றால் முதலில் வருவது ஜல்லியும் தாரும் அல்ல. ஒரு கணக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கணக்கு என்றதும் படித்தவர்கள் சமாச்சாரம் என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். கூலிக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு இதுவும் புரியும்.

நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை வேலை, எத்தனை கார் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பிரயாணம் கிளம்பும், எங்கே போகும், பஸ்ஸிலா காரிலா, எந்தச் சாலை வழியாக என்று நான்கு கேள்விக்கு விடை போடுகிறார்கள். பல ஆண்டு கழித்து இவ்வளவு வண்டி வரும், ஆகவே இவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் வளர்ந்த முறை இது.

இந்தக் கணக்கை ஜனங்கள் கேள்வி கேட்கலாமா? பர்மிங்ஹாம் அருகே எம்.42, எம்.40 சாலைகளுக்காக 1973-ல் பொது விசாரணை நடந்தது. வண்டிகள் இவ்வளவு பெருகும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். குறுக்கு விசாரணைக்கு அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. கணக்குப் போடும் முறை சர்க்கார் கொள்கையைச் சேர்ந்தது, உள்ளூர் விசாரணையில் அதைக் குடைய முடியாது என்று 1980-ல் தீர்ப்பாயிற்று. எட்மண்ட்-டேவிஸ் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். தராசு வியாபாரி கையில். எடைக்கல்லை நாம் தொடக் கூடாது!

1986 அக்டோபர் 29-ல் லண்டனைச் சுற்றி எம்.25 என்ற 188 கிலோமீட்டர் வட்டச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே பல பகுதிகளில் கணக்கில் கண்டதற்கு மேல் வண்டிகள் ஓடின. அகலப்படுத்தினார்கள், மறுபடியும் அகலப்படுத்தினார்கள். அதே வாரம், மூன்று நாள் முன்னால், லண்டனுக்கு வெளியே பஸ் தடங்கள் தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கோளாறு எங்கே? சாலை போட்டாலும் போடாவிட்டாலும் பிரயாணங்களின் தொகை மாறாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். புதுச் சாலை புது வண்டிகளை இழுக்கிறது என்பதை சர்க்கார் அமைத்த ஆலோசனைக் குழுவே 1994-ல் ஒப்புக்கொண்டது. சராசரியாக உடனடியில் 10 சதம், நாளடைவில் 20 சதம் கூடுதல் வண்டிகள் என்பது அப்போது வந்த மதிப்பு. மறுபக்கம், 2025-க்குள் போக்குவரத்து 83 முதல் 142 சதம் கூடும் என்று 1989-ல் சொன்னார்களே, 2019 வரை கூடியது அந்தக் கீழ்க்கணக்கில் ஏறத்தாழ பாதிதான்!

புதுக் குடியிருப்புகளின் கதையும் இதுவே. ஊருக்கு வெளியே வயலில் ஆயிரம் வீடு என்று திட்டம் வருகிறது. வீட்டுக்கு இத்தனை கார்ப் பிரயாணம் என்று எழுதி, அதற்கேற்பச் சந்திப்புகளை அகலமாக்குகிறார்கள். கடையும் பள்ளிக்கூடமும் நடக்கும் தூரத்தில் இல்லை. பஸ் பிறகு பார்க்கலாம். குடிவந்தவன் கார் வாங்காமல் என்ன செய்வான்? கணக்கு பலித்துவிட்டது என்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மிச்சமாகும் நிமிஷங்களுக்குப் பணவிலை போட்டுத்தான் சாலையின் லாபத்தைக் காட்டுகிறார்கள். வேலை நேரத்தில் கம்பெனி காரியமாகப் போகிறவரின் மணிக்கு ஒரு விலை. விடியற்காலையில் ஆபீசைப் பெருக்கி மெழுகப் போகிற பெண், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் மணிக்கு அதைவிடக் குறைந்த விலை. அவள் காத்திருக்கும் பஸ் ஐந்து நிமிஷம் முந்தி வந்தாலும், அந்த ஐந்து நிமிஷம் ஏட்டில் சொற்பமாகத்தான் ஏறும்.