தெருவைத் தோண்டுமுன்



ஊரில் ஒரு தெருவுக்குப் புதிய தார்ச்சாலை போடுகிறார்கள். பல ஆண்டு வேண்டுகோளுக்குப்பின் வந்த சாலை. பிள்ளைகள் அதில் பம்பரம் விடுகிறார்கள். பெரியோர் திண்ணையில் அமர்ந்து அதன் வழவழப்பைப் பாராட்டுகிறார்கள். ஒரு திங்கள் செல்கிறது. கடப்பாரையுடன் இருவர் வந்து தெருவின் நடுவே குறுக்காகப் பள்ளம் தோண்டுகிறார்கள். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறதாம். அப்பள்ளத்தை மண்ணிட்டு மூடிய சின்னாட்களில் தொலைபேசிக் கம்பி புதைக்க வேறு சிலர் வருகிறார்கள். அவர்கள் முன்னவர் செப்பனிட்ட குழாயையே மீண்டும் உடைத்துச் செல்கிறார்கள். இக்காட்சியைக் காணாத ஊர் நம் நாட்டில் உண்டோ? நான் பணியாற்றிய ஊர் ஒன்றில் இதனை என் கண்ணாலேயே கண்டேன். அவ்வாண்டு என் வகுப்பு மாணவர் ஒருவர் மஞ்சட்காமாலையால் படுத்து, ஆண்டுத் தேர்வை எழுத இயலாமற் போனார். அவர் வீட்டுக்குச் செல்லும் குழாய் சாக்கடைக்குள்ளேயே சென்றது என்பது பள்ளம் தோண்டிய பின்னரே தெரிய வந்தது.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தவன். ஆயினும் ஒரு தெருவைப் புதுப்பிக்கத் திட்டமிடுவதில் பெரும்பகுதி பள்ளிக்கூடக் கணக்கும் பூகோளமுமே என்று கண்டபோது எனக்கு வியப்புண்டாயிற்று. அவ்வியப்பையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் லப்பைக்குடிக்காடு வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள பேரூராட்சி. ஆற்றுக்கு அப்பால் திட்டக்குடி. இப்பால் பெரம்பலூர் மாவட்டம். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் சென்று பொருளீட்டி வந்தோர் பலர் இங்கு நல்ல வீடுகள் கட்டியிருக்கின்றனர். வீட்டிற்குள் பளிங்குத் தரை இருக்கலாம். வீட்டையும் ஆற்றையும் இணைக்கும் தெருவின் அடியில் என்ன இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவர்? மழைநீரும் கழிவுநீரும் இறுதியில் தாழ்ந்த இடம் நோக்கியே செல்லும். நமக்குத் தாழ்ந்த இடம் வெள்ளாறே. ஆகவே தெருவைப் பற்றிய பேச்சு ஆற்றைப் பற்றிய பேச்சும் ஆகும்.

1914-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அடிப்படையில் அவர் தாவரவியல் பேராசிரியர். சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அவற்றின் சீரமைப்புக்கு அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரும் அவற்றுள் ஒன்று. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து நேர்கோடாகச் சாலை வெட்டுவதே நகர முன்னேற்றம் என்று அக்காலத்து அதிகாரிகள் கருதினர். கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழடைந்தது, எந்த வெற்றிடத்தில் மரம் நடலாம், எந்த மூலையில் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டினாற் போதும் என்று குறித்தார். தஞ்சையில் பழைய சந்துகளையே சற்றுத் திருத்தினாற் போதும், புதிய சாலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே ஆகும் என்று காட்டினார். இம்முறையை அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டார் அவர். உறுப்பைக் காப்பாற்றும் அறுவை, வெட்டி எறியும் அறுவை அன்று. அவரிடம் நான் கற்றது ஒன்றே: முதலில் நட, பிறகு வரை, அதன் பின்னரே வெட்டு.

நடந்து பார்ப்பதென்றால் யாது? தெருவின் நீளம், அகலம், ஒவ்வொரு வீட்டு வாசற்படியின் உயரம், மின்கம்பம், மரம், அடிபம்பு, கிணறு இவற்றை அளந்து படம் வரைதல் முதற்படி. படத்தில் காணாதவற்றைத் தெருவின் முதியோரிடம் கேட்டறிதல் இரண்டாம் படி. ஆங்காங்கே சிறு சோதனைக் குழிகளைக் கையால் தோண்டிப் பார்த்தல் மூன்றாம் படி. இயந்திரம் வருமுன் இம்மூன்றும் முடிந்திருக்க வேண்டும். கண்ணாடியிழைத் தொலைபேசி வடங்கள் மட்டும் நாடெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் முறை தோண்டுவோரால் அறுபடுகின்றன என்று இந்திய அரசு மதிப்பிட்டது. அதனால்தான், தோண்டுமுன் அறிவித்துக் கேட்பதற்கென 2023 மார்ச்சில் ஒரு கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டது. செயலி நல்லதே. ஆனால் எழுதி வைக்கப்படாத குழாயை எந்தச் செயலி காட்டும்?

மண்ணையும் மறக்கலாகாது. பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் மண் மிகுதி. பருத்தியும் மக்காச்சோளமும் விளைவது அதனால்தான். உழவனுக்கு நண்பனாகிய இம்மண் குழாய்க்குப் பகைவன். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரே கிடத்தப்பட்ட குழாய் ஆண்டுதோறும் தூக்கி இறக்கப்பட்டு இணைப்புகளில் கழலும். ஆகவே குழாயின் கீழும் சுற்றிலும் மணற்படுகை அமைத்து, மேலே நல்ல மண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டு நனைத்து இடிக்க வேண்டும். (நம் மண்ணுக்கடியில் வேறு விந்தைகளும் உண்டு. 2020-இல் குன்னத்து ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவிற்று. ஆய்ந்தவர்கள் அவை கடல்வாழ் உயிர்களைச் சார்ந்த படிவங்கள் என்றனர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் இருந்தது. அது வேறொரு பேச்சுக்குரிய பொருள்.)

இனிக் கணக்குக்கு வருவோம். பாதாளச் சாக்கடைக் குழாயில் கழிவுநீர் தானே ஓட வேண்டும், யாரும் தள்ளுவதில்லை. மிக மெல்ல ஓடினால் திடப்பொருள் படிந்து அடைத்துக்கொள்ளும். நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் விரைவேனும் வேண்டும் என்பது பொறியாளர் விதி. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாய்க்கு 170 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் சரிவு கொடுப்பர். உங்கள் தெரு 200 மீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். தலைமாட்டில் குழாய் 0.9 மீட்டர் ஆழத்தில் தொடங்கினால், தரை மட்டமாக இருக்கும்போது கடைசியில் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? 200-ஐ 170-ஆல் வகுத்தால் 1.18, கூட்டினால் 2.08 மீட்டர். அதாவது ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். ஒரே தெருவுக்கு இவ்வளவென்றால், பல தெருக்கள் தொடர்ந்து சேரும் ஊருக்கு? குழாய் பாதாளத்துக்கே போய்விடும். அங்கே கழிவுநீரை மேலேற்றும் உந்து நிலையம் தேவைப்படுகிறது. மின்சாரம் நின்றால் அந்நிலையம் நிற்கும். கழிவு ஆற்றுக்குச் செல்லும். எனவே ஊரின் இயற்கைச் சரிவைத் தேடிக் குழாயை அதன் போக்கில் விடுபவனே அறிவுள்ள பொறியாளன்.

ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முட்டுக் கொடுக்காத பள்ளத்தில் மண் சரிந்து உயிரிழந்தோர் பலர். நாம் பள்ளத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்கிறோம். அதனுள் இறங்கி நிற்பவனும் ஒரு வீட்டுக்குத் தந்தை. குழாய் பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் இத்தீங்கு தொடர்கிறது. அடைப்பெடுக்க மனிதன் குழியில் இறங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்ச ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது; 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது; இறப்பு நிற்கவில்லை. ஆள் இறங்க வேண்டிய தேவையே எழாதவாறு குழாயின் சரிவையும் குழிகளின் இடைவெளியையும் அமைப்பது வரைபடத் தாளிலேயே தொடங்க வேண்டிய வேலையாகும்.

குடிநீர்க் குழாயின் கதை வேறு. அதற்கும் சாக்கடைக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அரசின் பொறியியல் கையேடு. நான்கு மீட்டர் அகலமே உள்ள தெருவில் மூன்று மீட்டருக்கு எங்கே போவது? அதற்கும் கையேடு வழி சொல்கிறது: குடிநீர்க் குழாயைத் தனிப் பள்ளத்திலோ, சாக்கடைக் குழாயின் மேல்மட்டத்தினும் அரை மீட்டரேனும் உயர்ந்த தனித் திட்டிலோ பதிக்கலாம். இதில் ஏன் இத்தனை கண்டிப்பு? நம் ஊர்களில் குழாயில் நாள் முழுதும் நீர் வருவதில்லை. நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. சில வேளை வெற்றிடம் உண்டாகிறது. மருந்துக் குழலை இழுத்தால் நீர் ஏறுகிறதல்லவா? அவ்வாறே விரிசலைச் சுற்றி நிற்கும் அழுக்குநீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுநாட் காலையில் முதற்குடத்தில் அதுவே வருகிறது. சாக்கடைநீர் குடிநீரோடு கலப்பதன் விளைவைத் தலைநகரமே கண்டதுண்டு. 1955-56-இல் தில்லியில், யமுனையில் நீரெடுக்கும் இடத்துக்கு நஜஃப்கர் வடிகாலின் கழிவு திரும்பியதால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். நீர் தெளிவாகவே இருந்திருக்கும். கண் இதற்குச் சான்றாகாது.

எல்லா ஊரிலும் பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை என்பதே என் கருத்து. எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களில், வீட்டுக் கழிவுத்தொட்டிகளை முறைப்படி கட்டி, நிரம்பியதை வண்டியில் எடுத்துச் சென்று தூய்மை செய்வதே ஏற்றதாயிருக்கலாம். கருங்குழிப் பேரூராட்சி இவ்வழியில் முன்னோடியாயிற்று. பெருநகரம் செய்வதையெல்லாம் சிற்றூர் செய்ய வேண்டும் என்பது பொருளற்ற போட்டி. அவ்வழி செல்லினும் குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்வடம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கும் கடமை நீங்காது.

இடம் ஒதுக்குவதில் பெங்களூரு மாநகரம் ஒரு வழி காட்டியது. 'டெண்டர்ஷ்யூர்' என்னும் திட்டத்தின்கீழ்க் கடந்த பதின்ம ஆண்டுகளில் நகரின் நடுப்பகுதிச் சாலைகள் சிலவற்றைப் புதுப்பித்தபோது, நீர், கழிவு, மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகியவற்றுக்குரிய குழாய்களை நடைபாதையின் அடியில் தனித்தனி இடத்தில் அமைத்தனர். இனி ஒரு கம்பியை இழுக்க வேண்டுமாயின் மூடியைத் திறந்தாற் போதும். சாலையை வெட்ட வேண்டியதில்லை. நடப்பவருக்கு அகன்ற பாதையும் கிடைத்தது. செலவு மிகுதி, வேலை நீண்டது, வண்டி நிறுத்த இடமில்லை என்ற குறைகளும் எழுந்தன. மதுரையில் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் மாசி வீதிகளைச் சீரமைத்தபோது, கடைக்காரர்கள் நெடுநாள் இடருற்றனர். ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை முடித்த பின்னரே அடுத்ததைத் தோண்டுதல், இடைக்காலத்தில் குடிநீர் வண்டி அனுப்புதல், பிணியாளர் ஊர்தி செல்ல ஒரு பக்கத்தை விடுதல் ஆகியவையும் திட்டத்தின் உறுப்புகளே. தெருவோர வியாபாரிக்கு மாற்றிடம் காட்டாமல் தோண்டுவது அவன் அடுப்பை அணைப்பதாகும்.

வேலையின் வரிசை எளிது; ஆழமானது முதலில், மேலானது பின்னர். கழிவுக் குழாய், பின் குடிநீர், பின் வடங்கள். வீடுகளுக்குச் செல்லும் கிளைக் குழாய்கள் அனைத்தையும், வெற்றுமனைகளுக்கு உரியவற்றையும்கூட, சாலை போடுமுன்னரே இட்டுவிட வேண்டும். நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து ஒழுக்கு உண்டா என்று பார்த்த பின்னரே பள்ளத்தை மூட வேண்டும். பள்ளத்து மண் நன்கு அமர்ந்த பின்னரே தார். இவ்வரிசையில் ஒன்று தவறினும் முதலில் நான் சொன்ன கடப்பாரை திரும்பி வரும்.

சாலையின் உயரம் பற்றி ஒரு சொல். பழைய சாலையின்மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, படியேறிச் சென்ற வீடுகளுக்கு இன்று படியிறங்கிச் செல்கிறோம். மழைநீர் கூடத்துக்குள் வருகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர்மின் கம்பியில் உராய்ந்து 11 பேர் மாண்டனர். சாலை உயர்த்தப்பட்டிருந்ததும் காரணங்களுள் ஒன்றாக அப்போது பேசப்பட்டது. தரை சிறிது உயர்ந்தால் வானம் அவ்வளவு தாழ்கிறது. இதனை எந்த மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறோம்?

காமாலையுற்ற அம்மாணவரின் நிகழ்ச்சிக்குப்பின், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக்கொண்டு பள்ளிக்கருகே இருந்த தெருக்கள் நான்கினை அளந்து படம் வரைவித்தேன். நாடாவும், நூலும், ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பிய மட்டமுமே எங்கள் கருவிகள். பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று கேட்டனர். கண்பார்வை மங்கிய மூதாட்டி ஒருவர், தம் வீட்டுப் புளியமரத்திலிருந்து எட்டு அடி தள்ளிப் பழைய வால்வு ஒன்று மூடப்பட்டுக் கிடக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை, ஆயினும் அதனைச் சிவப்பு மையால் குறித்து வைத்தனர். சில ஆண்டுகளுக்குப்பின் அத்தெருவில் குழாய் மாற்ற வந்த ஓவர்சியர் பள்ளிக்கு வந்து, அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வால்வு ஒன்பது அடியில் கிடைத்தது.