தாலிக்கு முன் ஒரு பட்டியல்

(சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் தாராவியிலிருந்து ஒரு தங்கை நம்மைத் தேடி வந்தார். பிறந்த வீட்டில் போட்ட பதினாறு பவுனும் கணவர் கையால் அடகுக் கடைக்குப் போய்விட்டது. எத்தனை உருப்படி, யார் போட்டது என்று எழுதிய துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. மொய் நோட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது! அந்தத் திருமணத்தை நடத்திவைத்தவர்கள் யார்? நாம்தான். மாலை எடுத்துக் கொடுத்தோம், வரதட்சிணையைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசினோம், சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரவு வண்டி ஏறினால் காலையில் இறங்கலாம், கோவாவில் அது உண்டு. 1867ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசியச் சிவில் சட்டம் அங்கே குடும்ப விஷயங்களில் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒன்றும் எழுதாமல் மணந்தால் சொத்து இருவருக்கும் பொது. வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் மணத்துக்கு முன்பே எழுதிப் பதிய வேண்டும். முஸ்லிம் தோழர்களுக்கு நிக்காஹே ஒப்பந்தம்தான். மஹர் அதில் ஏறிவிடுகிறது. இந்துத் திருமணத்தையோ புனிதச் சடங்கு என்கிறார்கள். அதில் இப்படி எழுதினால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி, பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று கோர்ட் தள்ளிவிடக்கூடும்.

ஆனால் நம் கையில் ஒன்றுமே இல்லையா? பெண்ணின் சீதனம் பெண்ணுக்கே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கணவன் வீட்டில் கொடுத்துவைத்ததைத் திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். அதே 1985இல் வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் விதிகளும் வந்தன. மணப்பெண்ணுக்கு வந்த பரிசுகளைப் பெண்ணே பட்டியல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் என்ன, சுமாரான மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு முறை, இருவர் கையெழுத்து, இவ்வளவே! கேட்டு வாங்கிய வரதட்சிணை பட்டியலில் ஏறியதால் பரிசாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்கிறீர்கள். சரக்கு வண்டியில் ஒரு மூட்டை ஏற்றினாலும் ரசீது கேட்கிறோமே, யார் கோபிக்கிறார்?

அந்தத் தங்கைக்காகக் கல்யாண ஆல்பத்தை வாங்கி வைத்திருக்கிறோம். நகைக்கடை ரசீதைத் தேடச் சொல்லித் திருநெல்வேலிக்கும் எழுதியாயிற்று. வருகிற ஞாயிறு நடக்கும் மணத்தில், மாலை மாற்றுமுன் பட்டியலில் கையெழுத்தாகும். இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். கையெழுத்து திருத்தமாக உள்ள தோழர் ஒருவர் காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும்.