ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தினார்கள்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

மோட்டார் கார் விஷயம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் ஒருவரும் அதை வாங்கப் போவதில்லை. ஆனால் அதைச் செய்கிற கை நம்முடைய கை. ஆகவே நமக்கும் அதில் பேச்சு உண்டு.

சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே 2013 முதல் ஈக்கோஸ்போர்ட் என்ற எஸ்.யு.வி. வண்டியைச் செய்தார்கள். ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும் கார் அது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்கு நம் நாட்டில் வரி குறைவு; அதற்காக 3,999 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள்! ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். அமெரிக்காவுக்கே இங்கிருந்து கப்பலில் போயிற்று.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசி வண்டி வெளிவந்தது. சுமார் 4,000 பேரின் பிழைப்பில் மண் விழுந்தது.

காரணம் என்ன? பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். நஷ்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஒரு மாடல் நீடித்து ஓட வேண்டுமானால் அதில் மறுபடி மறுபடி முதல் போட வேண்டும். 2016-ல் மாருதியின் பிரெஸ்ஸா வந்தது. 2019-ல் ஹுண்டாயின் வென்யூ வந்தது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தது. புதிய எஞ்சின், புதிய அச்சு, புதிய உடல் என்று பணம் இறக்க வேண்டிய நேரம். இறக்கினால் எவ்வளவு திரும்பும் என்று முதலாளி கணக்குப் போடுகிறான். வேறிடத்தில் அதிகம் கிடைக்குமானால் மாடலின் கதை முடிந்தது.

இன்னொன்று. 2015-ல் குஜராத்தின் சானந்தில் இரண்டாவது ஆலையைத் திறந்தார்கள். இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்ய வசதி. அதில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. இந்தத் தீர்மானத்தைச் செய்தது யார்? மெஷின் ஓட்டிய தொழிலாளியா? கணக்குத் தவறியது அவர்களுக்கு. வேலை போனது நமக்கு!

இதே வண்டி பிரேசில் நாட்டின் கமசாரி ஆலையில் 2003 முதல் உருவானது. 2021 ஜனவரியில் அந்நாட்டிலும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அங்கே சுமார் 5,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு உலக முழுவதும் கம்பெனிக்குக் கிடைத்த நிகர லாபம் 1,790 கோடி டாலர். அதில் ஒரு பெரும் பகுதி, வேறொரு கம்பெனியில் வாங்கிப் போட்ட பங்கின் விலை ஏறியதால் வந்தது. அதற்கு ஒரு திருகாணி கூட முடுக்க வேண்டியதில்லை!

விவசாயத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நெல் நன்றாக விளையும் நிலத்தைத் தரிசு போட்டு, மனைக்கட்டாக விற்பவனை நாம் பார்த்திருக்கிறோம். குறை மண்ணிலா இருக்கிறது? நூற்பாலைத் தோழர்களே, நூல் நம்பரை மாற்றும்போது உங்களைக் கேட்டா மாற்றுகிறார்கள்?

மறைமலைநகர்த் தொழிலாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. நியாயமான நஷ்டஈடு கேட்டு 2022 மே மாத இறுதியில் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதாயிற்று.

2025 அக்டோபரில் அதே ஆலைக்கு 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் உற்பத்தி என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, 2029-ல் தொடங்குமாம். வரட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் 600 பேருக்கு மேல் வேலை என்கிறார்கள். வெளியே போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு முதலிடம் உண்டா?

ஆலை வரும்போது நிலம் போகிறது. ஆலை போகும்போது நிலம் திரும்புவதில்லை. ஆகவே சர்க்கார் சலுகை கொடுக்கும்போதே, வேலைக்கு உத்தரவாதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளிக்கும், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் சேர்த்து வாங்க வேண்டும். தனித்தனியே கேட்டால் கிடைக்காது. ஆலையும் வயலும் சேர்ந்து கேட்போம், தோழர்களே!