அடர்த்தி வேறு, வலிமை வேறு
(மனித எலும்பு மண்டலத்தின் அமைப்பும் செயலும் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை)



நீங்கள் படைக்கப்போகும் கட்டுரைகளின் சுருக்கத்தை நான் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் ஆய்வுக்கு வைத்துவிட்டு அமர்கிறேன். எலும்பின் அடர்த்தி வேறு, வலிமை வேறு. நம் பாடமும் மருத்துவமும் விளம்பரங்களும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கின்றன.

நம் துறை உலர்ந்த எலும்பைப் பார்த்து வளர்ந்த துறை. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாடமாக ஓதப்பட்டது. அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகள். 1200-ஐ ஒட்டி எகிப்தில் பெரும் பஞ்சம் வந்தபோது அங்கிருந்த பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப், குவிந்து கிடந்த எலும்புகளைக் கண்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தும் தாடையில் எந்த ஒட்டும் தெரியவில்லை. அது ஒரே எலும்புதான் என்று துணிந்து எழுதினார். 1543-இல் உடற்கூறியல் அறிஞர் வெசேலியஸின் நூல் வந்து கேலனின் இதுபோன்ற பல பிழைகளைத் திருத்தியது.

ஆனால் பிறந்த குழந்தைக்குக் கீழ்த்தாடை இரு பாதிகளாகத்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவை இணைகின்றன. வளர்ந்தவருக்கு 206 எலும்புகள், அவற்றுள் அச்சுச் சட்டகத்தில் 80, கைகால் சட்டகத்தில் 126 என்று மனப்பாடம் செய்கிறோம். பிறக்கும்போது அதைவிட மிகுதியான துண்டுகள் இருக்கின்றன. வளர வளர அவை ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆகவே எலும்பைப் பற்றி எதைச் சொன்னாலும் எந்த வயதில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. உலர்ந்த எலும்பு வடிவத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது.

எலும்பு எதனால் ஆனது? இரண்டு எளிய சோதனைகள் போதும். கோழிக்கால் எலும்பை நீர்த்த அமிலத்தில் சில நாள் ஊறவைத்தால் கால்சிய உப்பு கரைந்துபோகும். வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் எலும்பு ரப்பர்போல் வளையும். இன்னொன்றைத் தீயில் நன்றாகச் சுட்டால் புரதம் எரிந்து உப்பு மட்டும் மிஞ்சும். அப்போதும் வடிவம் இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். அழுத்தத்தைத் தாங்குவது உப்பு. இழுவையைத் தாங்கி முறிவைத் தடுப்பது கொலாஜன் என்னும் புரதம்.

அந்தக் கொலாஜனின் அமைப்பு சென்னையில் அவிழ்ந்தது என்பதை இந்த மேடையில் சொல்லாமல் விட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதை மும்முறுக்கு இழையாக விளக்கினர். மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கிக்கொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். மரபணுப் பிழையால் ஒரே ஒரு கிளைசின் மாறினாலும் முறுக்கு கெடும். தும்மினாலே முறியும் எலும்போடு குழந்தை பிறக்கக்கூடும். அக்குழந்தைக்கு எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் அந்தக் குறை தீராது.

அடுத்தது கட்டுமானம். 1860-களில் சூரிச் நகரில் உடற்கூறியல் அறிஞர் ஹெர்மன் ஃபான் மேயர், நெடுக வெட்டிய தொடை எலும்பின் தலைப்பகுதியைக் காட்டினார். அதிலிருந்த நுண்சட்டங்களின் வளைவுகளைக் கண்ட பொறியாளர் கார்ல் குல்மன், பளுதூக்கி ஒன்றில் தாம் கணக்கிடும் விசைக்கோடுகளைப் போலவே அவை ஓடுவதை உணர்ந்தார். சுமையின் திசைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று 1892-இல் மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் விரிவாக எழுதினார். வொல்ஃப் சொன்ன கணித விதியை அப்படியே இன்று யாரும் ஏற்பதில்லை; அடிப்படை உண்மை நிலைத்திருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது உயிருள்ள செல்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பை அரித்தெடுக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் அந்தக் குழியில் புதியதை இடுகிறது. எலும்புக்குள் புதைந்து வலைப்பின்னலாகத் தொடர்பு கொண்டிருக்கும் ஆஸ்டியோசைட், சுமையை உணர்ந்து இவ்விரண்டையும் நடத்துகிறது. வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு இவ்வாறு புதிதாகிறது. சுமையே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைகிறது.

எலும்பு உடலைத் தாங்குவதோடு நிற்பதில்லை. மஜ்ஜையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. உடலிலுள்ள ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடுதான் உடலுக்கு அவசரத் தேவை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் உடனே தடுமாறும். எலும்பு மெலிவது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பாராதைராய்டு சுரப்பி தயங்காமல் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குத் தருகிறது. எலும்பும் கட்டளையை வாங்கிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. ஆஸ்டியோசைட் சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்னும் ஹார்மோன் சிறுநீரகத்துக்குச் சென்று பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்கிறது.

இனி, அடர்த்தி வேறு, வலிமை வேறு என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கான சான்று. 1937-இல் சென்னை மாகாணத்தில், அன்றைய நெல்லூர் மாவட்டக் கிராமங்களில், முதுகு விறைத்து மூட்டுகள் இறுகிப்போன மக்களை ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகியோர் ஆராய்ந்தனர். குடிநீரிலிருந்த ஃபுளோரைடே காரணம் என்று கண்டனர். எக்ஸ்ரே படத்தில் அந்த எலும்புகள் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரிந்தன. தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. அடர்த்தி கூடியிருந்தும் மனிதர் நிமிர முடியவில்லை.

பின்னாளில் அதே ஃபுளோரைடை எலும்பு மெலிவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1990-இல் வெளியானது. நான்கு ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு கூடியது. உப்பு சேர்ந்தது, அமைப்பு சீராக அமையவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, 206 என்னும் எண்ணுக்கு முன்பே அமிலச் சோதனையையும் சுடும் சோதனையையும் மாணவர் கையால் செய்ய வையுங்கள். மருத்துவர்களே, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தரும் எண்ணோடு நில்லாமல் முந்தைய முறிவு, தசை வலு, தடுக்கி விழும் வாய்ப்பு ஆகியவற்றையும் கேட்டு எழுதுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது; ஆயினும் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. முதுகு விறைப்போடு வருபவரிடம் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்று கேட்பதும் எலும்பியல்தான். பொறியாளரும் மருத்துவரும் எலும்பின் வலிமை குறித்து ஒரே அமர்வில் பேச வேண்டும் என்பது என் மூன்றாவது வேண்டுகோள்.

இவ்வளவு சொல்லி, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.