அட்டையில் சிரித்த அம்மா

19-ஆம் நூற்றாண்டுல கடைக்காரங்க இலவசமா கொடுத்த கலர் விளம்பர அட்டைகள்தான் டிரேட் கார்டு. அதுக்குப் பின்னாடி இருந்த கம்பெனிகளைத் தேடுறது என் பைத்தியம்.

என்கிட்ட ஒரு அட்டை இருக்கு. அதுல சாந்தமா ஓர் அம்மா. பேரு லிடியா பிங்கம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் ஊர்க்காரங்க. 1873 பொருளாதார நெருக்கடியில் கணவர் நொடிச்சுப் போனார். 1875-ல், வீட்டு அடுப்புல காய்ச்சின மூலிகை மருந்தைக் குடும்பமே விற்க ஆரம்பிச்சது. பெண்களுக்கான மருந்து, அதுல கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹால்!

உடம்புல என்ன பிரச்சினைன்னாலும் எனக்கு எழுதுங்கன்னு விளம்பரம் அழைக்கும். டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சப்பட்ட பெண்கள் நம்பி எழுதினாங்க. பதிலும் வந்தது. 1890-கள்லயும் வந்தது. அவங்கதான் எழுதுறாங்கன்னு நானும் நினைச்சேன், இறந்த வருஷத்தைப் பார்க்கிற வரைக்கும். 1883!

1905-ல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகை அவங்க கல்லறைப் படத்தையே அச்சிட்டது.

அதனால, பழைய அட்டை கிடைச்சா படத்தை ரசிங்க. அப்புறம் அந்த ஊர் டைரக்டரியையும் இறப்புப் பதிவையும் புரட்டுங்க. கம்பெனி மறைச்சது அங்கேதான் இருக்கும்.