வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷத்துக்கு மேல் மைக் கிடையாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜப்பான் போய்வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன், ஆனால் கதை இங்கேதான் வந்து முடியும்.

டோக்கியோ, கியோட்டோ எல்லாரும் பார்க்கிற ஊர்கள். நான் கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சுமாகோ என்ற சின்ன ஊருக்குப் போனேன். எடோவையும் கியோட்டோவையும் இணைத்த பழைய நகசெண்டோ சாலையில் அது ஒரு தங்கல் ஊர். தெரு முழுக்க மரவீடுகள். மின்கம்பி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ரயிலும் புதுச் சாலையும் வந்தபிறகு பிழைப்பற்றுப் போன ஊர்தான். 1971-இல் ஊர்க்காரர்களே கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் அரசாங்கமும் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கதிர்காமத்தில் படித்த நாட்களில் வெளியூர் நண்பர்கள் வந்தால் எங்கே கூட்டிப்போவோம்? கடற்கரை, மணக்குள விநாயகர், ஆசிரமம், பிரெஞ்சு வீதிகள். அதோடு சரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த தெருக்களுக்கு ஒருவரையாவது கூட்டிப்போனதுண்டா? நான் போனதில்லை. இத்தனைக்கும் எங்கள் வீடே அங்கேதான்!

அந்த வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், அது வழிப்போக்கருக்கு நிழல். அடுத்து திண்ணை, வந்தவர் உட்கார. கதவைத் தாண்டினால் முற்றம், அது வீட்டாருக்கு. சில வீடுகளில் கீழே இப்படி, மாடியில் பிரெஞ்சு வளைவு ஜன்னல். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே அப்படித்தான், கீழ்த்தளம் நம்ம பாணி, மேல்தளம் அவர்கள் பாணி.

நம்ம ஊரிலும் முயற்சி நடக்காமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களோடு சேர்ந்து, இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீர்செய்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளிலும் அந்த வீதி இடம்பெற்றது. ஆனால் ஒரு வீதி மட்டும் போதுமா?

இப்போது அந்தக் காரணம். 1996-இல் எங்கள் வீட்டை விற்றோம். நான்கு பங்காளிகள், ஒழுகுகிற ஓடு, பழுதுபார்க்கக் கையில் காசில்லை. யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது. ஒரே வாரத்தில் இடித்துவிட்டார்கள். தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றும்போது அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த எதிர்வீடு இன்னும் இருக்கிறது.

நாளை காலை ஆறரை மணிக்கு வைசியாள் வீதி முனையில் நிற்பேன். இங்கிருந்து வழுதாவூர் சாலை வழியாக சைக்கிளில் அரை மணி நேரம்தான். வருகிற மாணவர்கள் வாங்க, வெயில் ஏறுமுன் நடந்து பார்த்துவிடலாம். அந்த எதிர்வீட்டையும் காட்டுகிறேன். காபி என் செலவு.