பேர் கெட்ட ஊரும் நல்ல பேர் எடுத்த ஊரும்



பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகு எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "புள்ளைய மெட்ராஸ்ல சேத்தா பயமில்லையா?" கேட்பவர் பெரும்பாலும் அம்மாதான். கடலூர்ப் பக்கமாக இருக்கும், திருவாரூர்ப் பக்கமாக இருக்கும். மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். டி.வி.யில் வெட்டு, செயின் பறிப்பு, கஞ்சா என்று ஓடிக்கொண்டிருக்கும். சினிமாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே வடசென்னைக்காரன் கத்தி இல்லாமல் டீ குடிக்கக்கூட வெளியே வருவதில்லை. அந்தத் தாயின் அச்சத்தை நாங்கள் ஒருநாளும் சிரித்துத் தள்ளியதில்லை. இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிட்டோம். இலக்கிய அரங்கில் இது எதற்கு என்று தோன்றினால், நம் தன்வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பாத தலித் தன்வரலாறு எத்தனை இருக்கிறது?

நாங்கள் அந்த அம்மாவிடம் திருப்பிக் கேட்பதுண்டு. உங்கள் ஊர் எப்படி? "எங்க ஊர்ல ஒரு பிரச்சினையும் இல்லீங்க." கொஞ்சம் பேசவிட்டால் போதும். ஊர்த்தெரு வழியாக பைக்கில் போன பையனை இறக்கி அடித்தது வரும். வயலில் பெண்ணிடம் கை நீட்டியது வரும். ஸ்டேஷனுக்குப் போனீர்களா? போனார்கள். "பேசித் தீத்துக்கலாம்" என்று உட்காரவைத்தார்கள். மிஞ்சிப் போனால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அதிகாரியையே தண்டிக்கச் சொல்கிறது. சட்டம் இவ்வளவு சொல்லியும் அந்தத் தாயின் கையில் இருப்பது ரசீது. ஆகவே அரசுக் கணக்கில் அவருடைய ஊரில் குற்றமே நடக்கவில்லை. நல்ல பேர் எடுத்த ஊர்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். அதற்கு முந்தைய நாள்வரை அந்த ஊர்களுக்கு யாராவது "பார்த்துப் போ" என்று சொல்லியிருப்பார்களா?

இனி எண்களுக்கு வருவோம். சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். எந்த நகரம் பாதுகாப்பானது என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் போடும் பட்டியல், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தது. லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான் அதன் அளவுகோல். வழக்கு என்றால் பதிவான வழக்கு. பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது. அந்த வரியைப் பத்திரிகைகள் படிப்பதில்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் பெரியதை மட்டும் எண்ணுவார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய 4.5 லட்சம் வழக்கு. 2020இல் அது 13 லட்சத்தைத் தாண்டி, நாட்டிலேயே முதலிடம். ஓராண்டில் நாம் மூன்று மடங்கு கெட்டுப்போகவில்லை. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள் குவிந்தன, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், கொல்கத்தாவைத் தொடர்ந்து சில ஆண்டுகள் நாட்டின் பாதுகாப்பான நகரம் என்று கொண்டாடினார்கள். அங்கேதான் 2024 ஆகஸ்டில் பயிற்சி மருத்துவர் ஒருவர் தான் வேலை பார்த்த மருத்துவமனைக்குள்ளேயே வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் கெட்ட பேர் முழுக்கப் பொய்யா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். ஆனால் 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் வழக்கறிஞர் ஆம்ஸ்ட்ராங் தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் பார்த்தோம். எத்தனையோ தலித் பிள்ளைகளைச் சட்டம் படிக்கவைத்த மனிதர். அன்று இரவே "வடசென்னைன்னா அப்படித்தான்" என்று பேச்சு கிளம்பியது. ஒரு தலைவரின் கொலையை ஒரு நிலப்பரப்பின் குணமாக மாற்றிவிட்டால், யார் திட்டமிட்டார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. அந்தப் பேச்சில் எங்களுக்கு ஆத்திரம் வந்தது. அதே வேளையில், கஞ்சாவும் கூலிக்கு வெட்டும் வேலையும் நம் தெருப் பையன்களைத்தான் தின்கின்றன. செத்தவனும் நம் பிள்ளை, உள்ளே போனவனும் நம் பிள்ளை. வீரம் என்று பாட்டுக் கட்டும் நம் தம்பிகளிடமும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். எந்த ஊருக்குக் குடிபோகலாம் என்று எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பே அங்குள்ளவர்களுக்குத் தரப்படவில்லை. கூவக்கரை, அடையாற்றங்கரை, சாலையோரம் என்று வாழ்ந்தவர்களை 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி லாரியில் ஏற்றி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இறக்கினார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் 15, 20 கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை போன இடத்தில், தெருவிளக்கு எரியாத இடத்தில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை அடுக்கிவைத்துவிட்டு, அங்கே குற்றம் நடக்கிறது என்று வியந்தார்கள். குடிசை மாற்று வாரியம் 2021இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கண்ணகி நகர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் அந்தப் பிள்ளைகள் வேலைக்கு எழுதிப்போடும்போது முகவரியில் "துரைப்பாக்கம்" என்று மட்டும் போடுகிறார்கள். சாதிப் பெயரை மறைக்கப் பழகிய நமக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஐ.டி. கம்பெனிகளைப் பெருக்கித் துடைப்பது அந்த ஊர்ப் பெண்கள்தான். அந்த ஊர்ப் பெண் ஒருத்திதான் 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கத்தோடு வந்து, எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் கண்ணகி நகர் என்றே சொன்னார்.

அங்குள்ள பெண்களிடம் பயம் எதில் என்று கேட்டால், அவர்கள் ஊரின் பெயரைச் சொல்வதில்லை. விளக்கில்லாத படிக்கட்டைச் சொல்வார்கள். நின்றுபோன லிஃப்ட்டைச் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது பஸ் இல்லாததைச் சொல்வார்கள். இரவில் மகன் வேலையிலிருந்து திரும்பும்போது போலீஸ் நிறுத்தி முகவரி கேட்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஒரு முறை "சந்தேக கேஸ்" என்று ஏறிய பெயர் இறங்குவதில்லை. அப்புறம் 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நாம் சுருக்கமாகக் குண்டாஸ் என்கிறோம், ஓராண்டு உள்ளே.

இன்னொரு ஊரையும் நினைவில் வையுங்கள். பரோடா. 1917இல் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்போடு அங்கே அரசு வேலைக்குப் போனார். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். 11ஆம் நாள் காலையில் தடிகளோடு கூட்டம் வந்தது.  அன்று மாலைவரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அதைப் பிறகு அவரே எழுதியிருக்கிறார். கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று நமக்குச் சொன்னவர், நகரம் எப்படி வரவேற்கும் என்று தெரிந்துதான் சொன்னார். சென்னையில் மிகவும் பாதுகாப்பானது என்று பேரெடுத்த தெருக்களில் இன்றும் "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகை தொங்குகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி அட்வான்ஸுக்கு முன்னால் வருகிறது. அந்த அவமானம் எந்தக் காப்பகத்தின் அட்டவணையிலும் ஏறாது.

ஆகவே அந்த அம்மாவிடம் நாங்கள் அனுப்புங்கள் என்றே சொல்கிறோம். கூடவே சிலவற்றை விசாரிக்கச் சொல்கிறோம். ஆதிதிராவிடர் நலத் துறை விடுதியில் இடம் உண்டா, விடுதிக்குக் காவலாளி இருக்கிறாரா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நிறுத்தத்திலிருந்து வாசல்வரை விளக்கு எரிகிறதா? அந்தப் பகுதி ஸ்டேஷனில் ஒரு பெண் தனியாகப் போய்ப் புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்களா, ரசீது எழுதுகிறார்களா? கல்லூரியில் நம் சீனியர்கள் யார்? ஊரின் பேரைக் கேட்டு இவற்றில் ஒன்றுக்கும் விடை கிடைக்காது, அங்கே இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அங்கே இருப்பவர்கள் நீங்கள். இந்த அரங்கில் உள்ள மாணவர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். அவரவர் விடுதியிலிருந்து, அவரவர் கல்லூரி நிறுத்தத்திலிருந்து, இரவு ஒன்பது மணிக்கு இரண்டு மூன்று பேராக நடந்து பாருங்கள். எங்கே இருட்டு, எந்த ஸ்டேஷனில் புகார் எடுத்தார்கள், எந்த வீட்டுக்காரர் சாதி கேட்காமல் வீடு கொடுத்தார், எல்லாவற்றையும் எழுதுங்கள். கண்ணகி நகர், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவைத் தாங்களே எழுதட்டும். மார்ச்சுக்குள் கையில் வந்தால் சிறு நூலாக அச்சடித்து, அடுத்த சேர்க்கைக்கு முன் மாவட்டங்களுக்கு அனுப்பிவிடலாம்.